எட்டுத்தட்டு சொன்ன ருசி

கப்பலில் அவருக்கு எட்டுத்தட்டு என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட ஊரில்கூட ஆள் இல்லாமல் போய்விட்டது. இடது கையில் விரலிலிருந்து தோள்வரை ஐந்து, வலது கையில் மூன்று, ஆக எட்டுத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு, ஆடுகிற கப்பலில், ஒரு சொட்டுச் சாறு சிந்தாமல் நடப்பார். கடல் கொந்தளிக்கிற நாளில் பயணிகள் மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இவர் மட்டும் சொந்த வீட்டுக் கூடத்தில் நடப்பதுபோல வந்து, சூடு ஆறுவதற்குள் எட்டுப் பேர் முன்னாலும் வைத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். நிற்பதுதான் அவருக்கு வாழ்க்கையாகவே இருந்தது.

அது சரக்குக் கப்பல் இல்லை. ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறவர்களை ஏற்றிக்கொண்டு துறைமுகம் துறைமுகமாகப் போகும் உல்லாசக் கப்பல். ஒரு தெருவையே எடுத்து நிமிர்த்தி வைத்தாற்போல உயரம். அதற்குள்ளே வெள்ளை விரிப்புப் போட்ட மேசைகளோடு பெரிய சாப்பாட்டுக் கூடம். யாருக்கு எந்த மேசையோ, இறங்குகிறவரை அவர்களுக்கு அதே மேசை. அந்த மேசைக்கு அதே பரிமாறுகிற ஆள். அதனால் யாருக்கு ரொட்டியின் ஓரம் பிடிக்கும், யாருக்குச் சூப் கொதிக்கக் கொதிக்க வேண்டும், மனைவி பார்க்காதபோது இரண்டாவது ஐஸ்கிரீம் கேட்கிறவர் யார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

தேன் எடுத்தவன் புறங்கையை நக்குவான் என்பார்கள். எட்டுத்தட்டு நக்கவில்லை. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், நடந்தது அதுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவரோடு ஒரே அறையில் படுத்த ஒருவன், திரும்பி வந்த தட்டிலிருந்து ஓர் இறாலை எடுத்து வாயில் போட்டான். தொட்டது இறால், போனது வேலை. அடுத்த துறைமுகத்தில் பெட்டியோடு இறக்கிவிட்டார்கள். அவன் கரையில் நின்று கையசைத்ததைப் பார்த்த அன்றைக்கே எட்டுத்தட்டு தன் வாயைத் தைத்துக்கொண்டார். வேலையாட்களுக்குக் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத நீள அறையில், தனிச் சாப்பாடு. சோறு, அவித்த கோழி, தண்ணீராக ஒரு குழம்பு. அதையும் நின்றபடியே விழுங்கிவிட்டு மேலே ஓட வேண்டும். மேலே ருசி பார்ப்பது சமையல்காரர்கள் பாடு. பரிமாறுகிறவனுக்கு மூக்கு மட்டும்தான்.

ஊரில் அவருடைய மனைவி தையல்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. ஜன்னலை ஒட்டித் தையல் மிஷின், சுவரில் அளவுக் கயிறு, மூலையில் வெட்டுத் துண்டுகள் நிரம்பிய கூடை. கப்பல் கரையைத் தொட்டால் அவர் போன் பண்ணுவார். மற்ற வீடுகளில் நல்லா இருக்கீங்களா என்று ஆரம்பிப்பார்கள். இந்த வீட்டில் வேறு மாதிரி.

"இன்னிக்கு என்ன போட்டீங்க?"

"இன்னிக்கு இறாலு. கையளவு பெருசு. வாயில வெச்சதும் பேச்சே நின்னுடும் பாத்துக்கோ. அப்படி ஒரு ருசி."

"அப்புறம்?"

"அப்புறம் பாலாடைக்கட்டி. மொதல்ல மூக்கச் சுருக்க வைக்கும். கசப்பு. அப்புறம் பின்னாலயே இனிப்பு வந்து கையப் புடிச்சு இழுக்கும்."

தையல்காரி போனை மிஷின்மேல் சாய்த்து வைத்துவிட்டு, பெடலை மிதித்துக்கொண்டே கேட்பாள். ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தவர்கள் வேலை முடிந்தும் எழுந்து போக மாட்டார்கள். அடுப்பில் பருப்பு வைத்துவிட்டு வந்தவள்கூட உட்கார்ந்துவிடுவாள். "உன் வீட்டுக்காரர் சொல்றதக் கேட்டாலே எனக்கு வயிறு நெறைஞ்சுடுதுடி, வீட்ல ஆக்க வேணாம்" என்பாள் ஒருத்தி. "ஏட்டுச் சுரைக்கா கறிக்கு ஆகாது, எழுந்து போய் அடுப்பப் பாரு" என்று விரட்டுவாள் இவள். விரட்டினாலும் உள்ளுக்குள்ளே பெருமைதான்.

அவர் சொன்னதிலெல்லாம் அவளுக்கு ரொம்பப் பிடித்தது இஞ்சிப் புட்டிங். வெல்லப் பாகும் இஞ்சியும் போட்டு வேகவைக்கும் ஓர் இனிப்பு. ஜன்னலோர மேசைக்கு வருஷம் தவறாமல் ஓர் அம்மா தனியாக வருவாராம். கடைசியில் அதைத்தான் கேட்பாராம். "காரம்னா காரம், அப்படி ஒரு காரம். அந்தம்மாவுக்குக் கண்ணுலருந்து தண்ணி கொட்டும். ஆனாலும் விடமாட்டாங்க, வழிச்சுச் சாப்பிடுவாங்க" என்று அவர் சொல்லுவார். தையல்காரி காரப் பிரியை. இனிப்பும் வேண்டும், கண்ணில் தண்ணீரும் வர வேண்டும் என்றால் அதைவிட வேறென்ன? பிடித்த பலகாரம் எது என்று யார் கேட்டாலும், வாயில் வைத்தே பார்க்காத அந்தப் புட்டிங்கைத்தான் சொன்னாள்.

அவர் மற்றவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் ருசி சொல்கிறார் என்பது அவளுக்குத் தெரியாது. அவர் தினமும் அதையெல்லாம் சாப்பிடுகிறார் என்றே நினைத்திருந்தாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அவள் கேட்கவில்லை.

லீவில் வந்தால் வேறு ஒரு சண்டை. சோற்றைப் போட்டுவிட்டு அவள் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள், அவர் சமையலறைச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்று தட்டைக் காலி பண்ணியிருப்பார்.

"உக்காந்து சாப்பிட்டா என்ன? சோறு காலு மொளைச்சு ஓடியா போயிடும்?"

"பழக்கம்."

"எனக்கும் ஒரு பழக்கம் வேணாமா? எதுக்க ஒரு ஆளு உக்காந்து சாப்பிடறதப் பாக்கற பழக்கம்?"

"ரிட்டயர் ஆனதும் பாரு. உக்காந்த எடத்த விட்டு எழுந்திருக்கவே மாட்டேன்."

சொன்ன வார்த்தை பலித்துவிட்டது. அப்படிப் பலித்திருக்க வேண்டாம்.

ரிட்டயர் ஆகிறவர்களுக்குக் கப்பல்காரர்கள் ஒரு மரியாதை செய்வார்கள். மனைவியோடு ஒரு தடவை பயணியாகவே வந்து போகலாம். அறை, சாப்பாடு எல்லாம் உண்டு. எட்டுத்தட்டு ரிட்டயர் ஆகி வந்த பிறகு அதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். கூரை மாற்ற வேண்டும், மகளுக்குப் பிரசவம், மழை முடியட்டும் என்று ஏதாவது ஒன்று. அப்புறம் தொண்டையில் சோறு நின்றது. தண்ணீர் குடித்தால் இறங்கும் என்றார். தண்ணீரும் நின்றது. நாக்கின் அடிவேரில் கட்டி என்றார்கள். கதிர்ச் சிகிச்சை கொடுத்தார்கள். கட்டி கொஞ்சம் சுருங்கியது. அதோடு நாக்கின் ருசியும் போனது. சர்க்கரையை வைத்தாலும் உப்பை வைத்தாலும் ஒன்றுதான். "நாக்குமேல கோணிப்பையப் போத்தின மாதிரி இருக்கு" என்றார். விழுங்கவும் முடியவில்லை. வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்து, அதன் வழியாகப் பால் மாதிரி ஒரு கரைசலை ஊற்றச் சொல்லிக் கொடுத்தார்கள்.

"ருசி திரும்ப வருமா, டாக்டர்?" என்று தையல்காரி கேட்டாள்.

"சில பேருக்கு ஒரு வருஷத்துல வரும்மா" என்றார் டாக்டர். அந்த ஒரு வருஷம் அவருக்கு இருக்கிறதா என்று அவள் கேட்கவில்லை. டாக்டரும் தாமாகச் சொல்லவில்லை. இரண்டு பேரும் மேசைமேல் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில்தான் அவர் உண்மையைச் சொன்னார். குரல் கரகரத்தாலும் வார்த்தை புரிந்தது.

"ஒண்ணு சொல்லணும். கப்பல் சாப்பாடு ஒண்ணக்கூட நான் வாயில வெச்சதில்ல."

"எதச் சொல்றீங்க?"

"எல்லாத்தையும்தான். இறாலு, பாலாடைக்கட்டி, புட்டிங்கு. சாப்பிடறவங்க மூஞ்சியப் பாத்துட்டு வந்து உனக்குச் சொன்னேன்."

தையல்காரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இத்தன வருஷமா நான் உங்க வாயால சாப்பிட்டுட்டு இருந்தேன். நீங்க யாரு வாயாலயோ சாப்பிட்டுட்டு இருந்தீங்களா?" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

அவர் சிரித்தார். சிரித்தால் தொண்டை வலிக்கும், ஆனாலும் சிரித்தார்.

"கப்பலுக்குப் போலாம். நாம ரெண்டு பேரும். எம் மேசையில நீ உக்காந்து சாப்பிடு. நான் எதுக்க உக்காந்து பாக்கறேன். ஊரா மூஞ்சியிலயே ருசியக் கண்டவன் நான். உன் மூஞ்சியில காண மாட்டனா? ஒரு தடவ, ஒரே ஒரு தடவ எனக்கு அந்தச் சாப்பாடு வேணும். உன் வழியா."

மகள் ஒத்துக்கொள்ளவில்லை. "அப்பாவால ஒரு பருக்க முழுங்க முடியல. அவரக் கொண்டுபோய்ச் சாப்பாட்டுக்கு முன்னால உக்கார வைக்கறது பாவம்மா" என்று அழுதாள். தையல்காரிக்கும் அதே எண்ணம்தான். ஆனால் அவர் வாய்விட்டுக் கேட்டது அந்த ஒன்றைத்தான். கேட்காத மனிதர் கேட்டால் என்ன பண்ணுவது? அவருடைய பழைய கோட்டை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தாள். உடம்பு அப்படி வற்றியிருந்தது. தனக்கு ஒரு நல்ல சேலையை எடுத்து வைத்துக்கொண்டாள். கிளம்பிவிட்டார்கள்.

கப்பலில் இவர்களுக்கு மேல்தளத்தில் ஜன்னல் வைத்த அறை. எட்டுத்தட்டு ஜன்னலருகே போய்க் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். "கீழ படுத்திருந்தப்ப இது காதுல மட்டுந்தான் கேக்கும்" என்றார். சாயங்காலம் அவள் அவருடைய சட்டையைத் தூக்கி, குழாயின் மூடியைத் திறந்து, பெரிய சிரிஞ்சியில் கரைசலை எடுத்து மெல்ல ஊற்றினாள். அதுதான் அவருக்கு இரவுச் சாப்பாடு. துடைத்து, மூடி, சட்டைப் பொத்தான் போட்டு, கோட்டை மாட்டிவிட்டாள். பிறகு இரண்டு பேரும் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனார்கள்.

கூடத்துக்கு இப்போது தலைவர் சின்னக்கரண்டி. எட்டுத்தட்டிடம் தொழில் படித்தவர். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சூப்புக்குத் தேக்கரண்டி வைத்ததால் வந்த பெயர், தலை நரைத்த பிறகும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் ஓடி வந்து எட்டுத்தட்டின் கையைப் பிடித்துக்கொண்டார். ஒட்டிப்போன கழுத்தைப் பார்த்தார். தோளைத் தாங்கி ஜன்னலோர மேசைக்கு அழைத்துப் போனார்.

எட்டுத்தட்டுக்கு உட்காரத் தெரியவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து முள்கரண்டிகளை நேராக்கினார். பக்கத்து மேசையில் டம்ளர் விழுந்ததும் எழுந்துவிட்டார். "அண்ணே, உக்காருங்க. இப்ப நீங்க தொரை" என்று சின்னக்கரண்டி தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

சூப் வந்தது. அவளுக்கு மட்டும். அவர் இரண்டு முழங்கையையும் மேசையில் ஊன்றி, அவள் முகத்தையே பார்த்தார்.

அப்படி ஒருவர் உற்றுப் பார்க்கும்போது யாரால் சாப்பிட முடியும்? அதுவும் பசித்த மனிதர். அவள் ஒரு கரண்டி வாயில் வைத்தாள். அது எங்கே போனது என்றே அவளுக்குத் தெரியவில்லை. கண்ணை அகல விரித்து, "ஆகா, பிரமாதம்" என்றாள்.

"பொய்."

"நெசமாத்தான் சொல்றேன்."

"நாக்குல படறதுக்கு முன்னாலயே ஆகாங்கற. இது கண்ணாடி முன்னால நின்னு பழகின மூஞ்சி. எத்தன பேரப் பாத்திருக்கேன்."

மீன் வந்தபோது மெதுவாக மென்று, தலையை ஆட்டினாள்.

"இது எல தின்ன ஆட்டு மூஞ்சி" என்றார்.

அவள் சிரித்துவிட்டாள். ஆனால் கறிக்கும் அதே கதைதான், ரொட்டிக்கும் அதே கதைதான். வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்பார்களே, அதுகூட அவளுக்குத் தெரியவில்லை. புளிக்கவும் இல்லை, இனிக்கவும் இல்லை. எதிரே உட்கார்ந்திருக்கிறவருடைய கழுத்து எலும்பைத் தவிர வேறெதுவும் அவள் கண்ணில் படவில்லை. அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சோர்ந்துகொண்டு வந்தார். வேண்டியதை வாங்கக் கடைக்கு வந்து, சாத்தின கதவைப் பார்த்து நிற்கிற ஆள் மாதிரி இருந்தார்.

கடைசியாக இஞ்சிப் புட்டிங்கைக் கேட்டார். அதைப் பார்த்ததும் தையல்காரிக்கே ஓர் ஆவல் வந்தது. எத்தனை வருஷமாகக் காதால் தின்ற பண்டம். கண்ணில் தண்ணீர் வந்தால் துடைக்கத் துணியைக்கூட மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். ஒரு வாய் எடுத்து வைத்தாள். முகத்தில் நிஜமாகவே ஒன்று வந்தது. ஆச்சரியம்.

"இதுல காரமே இல்லையே" என்றாள்.

அவள் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் ஆச்சரியத்துக்கு வாயைப் பூட்டத் தெரியாது.

"நல்லாப் பாரு. அடியில இருக்கும்."

அவள் அடியிலும் தோண்டிப் பார்த்தாள். "இனிப்பாத்தான் இருக்குங்க. இஞ்சி லேசா வாசனதான்."

எட்டுத்தட்டு கையை உயர்த்திச் சின்னக்கரண்டியைக் கூப்பிட்டார். "சமையல்ல ஆள மாத்திட்டாங்களா? இஞ்சியக் கொறச்சுட்டாங்களா?"

"இல்லையே அண்ணே. அன்னிலேர்ந்து இதே பதந்தான். இது கொழந்தைங்க சாப்பிடறது. இதுல ஏது காரம்?" சின்னக்கரண்டிக்குச் சிரிப்பு வந்தது. "நீங்க பயணிங்ககிட்ட காரம், கவனம்னு சொல்லுவீங்களே, நீங்க தமாஷ் பண்றீங்கன்னுல்ல நாங்க நெனச்சோம்."

எட்டுத்தட்டு சிரிக்கவில்லை.

"அப்போ ஜன்னலோரத்து அம்மா எதுக்கு அழுதாங்க?"

சின்னக்கரண்டி அவரைப் பார்த்தார், பிறகு தையல்காரியைப் பார்த்தார். சொல்லலாமா என்று யோசித்தது தெரிந்தது. "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் அண்ணே. நீங்க இந்த மேசைக்கு வர்றதுக்கு முன்னால அவங்க புருஷனோட வருவாங்களாம். அந்த ஐயாவுக்கு இந்தப் புட்டிங்னா உசுரு. அவரு போனதுக்கப்புறம் தனியா வந்து இதையே கேப்பாங்க."

"இப்ப வர்றாங்களா?"

"ரெண்டு மூணு வருஷமா வரல."

எட்டுத்தட்டு மேசை விரிப்பைத் தடவிக்கொண்டே இருந்தார். அப்புறம் மெல்லச் சொன்னார். "அவங்க அழறதப் பாத்துட்டு, பாவம் காரம் தாங்கலன்னு, சமையல்ல சொல்லி அவங்க தட்டுக்கு மட்டும் இஞ்சியே போட வேணாம்னு சொல்லிட்டேன். வருஷா வருஷம். அப்பவும் அழுதா, பாகுலயே காரம் ஊறியிருக்கும்னு நெனச்சுக்கிட்டேன். நல்லது பண்றேன்னு நெனச்சேன். அவங்க புருஷன் சாப்பிட்ட ருசிய நான் எடுத்துட்டேன். அந்தம்மா ஒரு வார்த்த சொல்லல. தண்ணி கொண்டுபோய் வெச்சா, தேங்க்ஸுன்னுதான் சொல்லுவாங்க."

அன்றைக்குப் பிறகு அவர் சாப்பாட்டுக் கூடத்துக்கு வரவில்லை. அறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். "மூஞ்சி படிக்கத் தெரியும்னு மார்தட்டிக்கிட்டேன். பெத்த தாயப் பறிகொடுத்தவன் ஒப்புக்குச் சிரிச்சிருப்பான்; சாப்பாடு நல்லா இருக்குதுன்னு சிரிக்கிறான்னு உனக்குச் சொல்லியிருப்பேன். நான் சொன்ன ருசி ஒண்ணாவது நெசமா? உன் மூஞ்சியிலயும் எனக்கு ஒண்ணும் தெரியல. வுடு. வீட்டுக்குப் போலாம்" என்றார்.

நடுக்கடலில் எங்கே போவது? தையல்காரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து யோசித்தாள். அவர் கேட்டது ஒரே ஒரு தடவைச் சாப்பாடு. அதைக் கொடுக்க முடியாமல் கரை இறங்கினால், மிச்ச நாளெல்லாம் அவர் இந்தச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். மிச்சம் எத்தனை நாள் என்பதும் யாருக்கும் தெரியாது. அவள் பிடிவாதக்காரி. கிழிந்த துணியை இது தைக்க ஆகாது என்று திருப்பி அனுப்பிய பழக்கம் கிடையாது.

மறுநாள் சாயங்காலம் அவருக்குக் கரைசலை ஊற்றிவிட்டு, சேலையை மாற்றிக்கொண்டாள்.

"எங்க போற?"

"சாப்பிட."

"தனியாவா?"

"ஏன், எனக்கு வாயி இல்லையா?"

தனியாகப் போய் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தாள். எதிர் நாற்காலி காலியாக இருந்தது. அதைப் பார்க்காமல் தட்டை மட்டும் பார்த்தாள். யாரும் தன் முகத்தைப் பார்க்காததால் நாக்கு கொஞ்சம் கொஞ்சமாக விழித்துக்கொண்டது. ஒவ்வொன்றையும் வாங்கி, மென்று, இது என்ன, இது எதைப் போல இருக்கிறது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். ருசிக்குப் பெரிய பெரிய வார்த்தை அவளிடம் இல்லை. அவளுக்குத் தெரிந்தது துணி. சட்டியில் இருப்பதுதானே அகப்பையில் வரும்.

திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு என்ன போட்டாங்கன்னு கேக்க மாட்டீங்களா?"

அவர் போர்வையைக் காதுவரை இழுத்துக்கொண்டார்.

"சூப்பு. நூறு தடவ தொவைச்ச மல்லுத் துணி. தொட்டா இருக்கற மாதிரியே தெரியல. கொஞ்ச நேரங்கழிச்சுத்தான் இதம் தெரியுது."

அவள் ஒரு விரலை மடக்கி எண்ணிக்கொண்டாள்.

"மீனு. கஞ்சி போட்டு இஸ்திரி பண்ண காலரு. மேல மொடமொடன்னு, உள்ள மெத்துன்னு. ஐஸ்கிரீமு சாட்டின் துணி. வழுக்கிக்கிட்டுப் போயிடுது, கத்தரிக்கு நிக்கமாட்டேங்குது."

"பாலாடைக்கட்டி?" என்று சுவர்ப் பக்கமிருந்து குரல் வந்தது.

"பொட்டியில ரொம்ப நாள் கெடந்த கம்பளி. வாசன முன்னால வந்து நிக்குது. ஆனா போத்திக்கிட்டா விட மனசு வரல. நீங்க சொன்னது சரிதான்."

அவர் புரண்டு இந்தப் பக்கம் திரும்பினார். "இறாலு?"

"எலாஸ்டிக்கு."

"என்னது?"

"புது எலாஸ்டிக்கு. ஜனங்க பேச்ச நிறுத்தினது ருசியால இல்லங்க. மென்னு முடியறவரைக்கும் எப்படிப் பேசறது?"

எட்டுத்தட்டு ஒரு கணம் விழித்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். வலித்தது, தொண்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வேல போச்சேடா உனக்கு. ஒரு எலாஸ்டிக்குக்கா?" என்று, இறால் தின்று கரையில் இறக்கப்பட்ட அந்தப் பழைய தோழனிடம் பேசுவதுபோலச் சொன்னார். சிரித்துக்கொண்டே இருந்தவர் எப்போது அழ ஆரம்பித்தார் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

கப்பல் கரை சேர்வதற்கு முந்தைய சாயங்காலம் அவரே கோட்டைக் கேட்டார். இரண்டு பேரும் கூடத்துக்குப் போனார்கள். இந்தத் தடவை நாற்காலியில் முதுகு படச் சாய்ந்து உட்கார்ந்தார். சூப் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னங்க, முடியலையா?"

"அதெல்லாமில்ல. மூஞ்சி என்னை ஏமாத்திடுச்சு. காதால கேக்கறேன். நீ சொல்லு."

அவள் சொன்னாள். சூப்பைச் சொன்னாள். சுடச்சுட வந்த ரொட்டியையும் வெண்ணெயையும், பிறந்த குழந்தைக்குச் சுற்றுகிற ஃபிளானல் என்று சொன்னாள். "ரொட்டிதான வந்தவுடனே காலியாகும். அது சரிதான்" என்று தலையாட்டினார். கறியை, இரட்டைத் தையல் போட்ட, பிரிக்க வராத முரட்டு ஜீன்ஸ் என்றாள். சின்னக்கரண்டி பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, சமையலறைக்குள் போய்ச் சொல்ல, உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. மூடிய கண்ணோடு எட்டுத்தட்டும் சிரித்தார். ஒவ்வொரு வாய்க்கும் அவருடைய தொண்டை ஒரு தரம் ஏறி இறங்கியது. ஒன்றும் இல்லாமலே விழுங்கினார்.

அவளுக்குப் பசித்தது. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. வயிற்றுக்கும் பசித்தது, வாய்க்கும் பசித்தது. ஒவ்வொன்றும் ருசித்தது. இவ்வளவு ருசி உலகத்தில் இருக்கிறது, அதில் ஒரு துளிகூட அவருக்கு இல்லை. இந்த ருசியெல்லாம் அவர் போன பிறகும் இருக்கும், தனக்கு அப்போதும் பசிக்கும் என்று தெரிந்தது. அதற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிய ஆரம்பித்தது. அவர் கண்ணை மூடியிருந்ததால் அவள் துடைக்கவில்லை. குரலை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கடைசியாகப் புட்டிங் வந்தது.

"சொல்லு" என்றார்.

"பட்டு" என்றாள். "பெரிய சரிகையெல்லாம் இல்ல. நெறைய பேரு கட்டி, மடிச்சு மடிச்சு, மடிப்புல நூலு தெரியுதே, அந்தப் பட்டு. மெதுவா இருக்கு. பாகு ஓரத்துல கொஞ்சம் அடிபிடிச்சிருக்கு. அங்கதான் ருசி ஜாஸ்தி."

"இஞ்சி?"

"இருக்கு. உள்ள இருக்கு. முழுங்குனதுக்கப்புறம் வந்து மெல்லத் தொடுது."

"ம்." அவர் ஒரு தரம் விழுங்கினார். "இன்னொரு வாய்."

அவள் இன்னொரு வாய் சாப்பிட்டாள், சொன்னாள். இன்னொரு வாய். பக்கத்து மேசைகள் காலியாகிக்கொண்டிருந்தன. விரிப்புகளை மடிக்கிற சத்தம் கேட்டது. கண்ணீர் கன்னத்திலிருந்து மோவாய்க்கும், மோவாயிலிருந்து சேலைக்கும் வழிந்துகொண்டே இருந்தது. குரல் மட்டும் அவரோடு பேசிக்கொண்டிருந்தது.

எட்டுத்தட்டு மேசைமேல் கையை நீட்டி, தடவி, அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கண்ணைத் திறக்கவில்லை.

"வயிறு நெறைஞ்சுடுச்சு" என்றார். "மூஞ்சத் தொடச்சிட்டுச் சொல்லு. அப்புறம் கண்ணத் தெறக்கறேன்."

தையல்காரி கரண்டியைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள்.

"இருங்க" என்றாள். "இன்னுங் கொஞ்சம் இருக்கு."